முகப்பருவுக்கு மாதக்கணக்கில் ஆண்டிபயாடிக் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சளிக்காய்ச்சலுக்கு ஆண்டிபயாடிக் கேட்டு மருத்துவரை வற்புறுத்தாதீர்கள் என்று சிங்கப்பூரில் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க 2017ல் தேசியச் செயல்திட்டமே அறிவித்தார்கள். நம் வீடுகளிலும் இந்தச் செய்தி ஓரளவு பதிந்திருக்கிறது. ஆனால் அதே ஆண்டிபயாடிக்கைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் முகப்பருவுக்காக மாதக்கணக்கில் விழுங்குவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

என் அண்ணன் மகனுக்குப் பருவுக்காக டாக்சிசைக்ளின் என்ற ஆண்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த மருந்தகத்தில் அடுத்த மாதத்துக்கான மாத்திரையைப் பையில் போட்டுக் கொடுத்தார்களே தவிர, எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூடவே பூசிக்கொள்ளக் களிம்பும் இல்லை. இரவில் ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே படுத்துவிடுவான். ஒருநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு எரிகிறது என்று துடித்தான். இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் சற்று நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வெயில் பட்டால் தோல் எளிதில் கருகிவிடும் என்பதும் தெரிந்த பக்கவிளைவுதான். நம் ஊர் வெயிலில் பந்து விளையாடும் பையனிடம் இதைச் சொல்ல வேண்டாமா?

இத்தனைக்கும் அந்த மாத்திரை களிம்பைவிடச் சிறந்ததா என்றால், மிதமான பருக்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. பிரிட்டனில் 649 பேரிடம் நடத்திய ஆய்வு 2004ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. டாக்சிசைக்ளின் வகையையே சேர்ந்த மினோசைக்ளின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 54 விழுக்காட்டினர், 18 வாரங்களில் ஓரளவாவது நல்ல முன்னேற்றம் கண்டதாகச் சொன்னார்கள். பென்சாயில் பெராக்சைடு களிம்பு மட்டும் பூசியவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 60 விழுக்காடு. விலை மலிவான பழைய களிம்பு இது. கிருமி இதை எதிர்த்து நிற்கப் பழகுவதும் இல்லை. இத்தகைய மருந்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கு எந்த நிறுவனம் ஆர்வமாகப் பணம் போடும்? அந்த ஆய்வு அரசாங்கப் பணத்தில் நடந்தது. அப்படிப்பட்ட ஆய்வுகள் இன்னும் வர வேண்டும் என்பது என் ஆசை.

விழுங்கிய மாத்திரை முகத்தோடு நிற்பதில்லை. தொண்டையிலும் குடலிலும் வாழும் கிருமிகளையும் அது தொடுகிறது. அவற்றில் மருந்துக்குத் தப்பியவை பெருகுகின்றன. பருவுக்கு நீண்டநாள் ஆண்டிபயாடிக் எடுத்தவர்களிடம் சளி, தொண்டைத் தொற்று இரு மடங்குக்கும் மேல் காணப்பட்டதாக 2005ல் ஓர் ஆய்வு சொன்னது. மருந்துதான் காரணம் என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கவலைப்பட அது போதும்.

மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. ஆண்டிபயாடிக்கைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, களிம்போடு சேர்த்தே கொடுக்க வேண்டும். 12 வாரத்தில் நிலையைப் பார்க்க வேண்டும். மிகத் தேவையானால் தவிர ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே பெற்றோர் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: எத்தனை வாரம்? கூடவே எந்தக் களிம்பு? களிம்பு முதலில் தோலை உலர்த்தி எரிச்சல் தரும், துண்டையும் தலையணை உறையையும் வெளுக்க வைக்கும். வெள்ளைத் துண்டாக வைத்துக்கொண்டால் சண்டை இல்லை. பயந்து முதல் வாரத்திலேயே தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

"வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும்" என்று பிள்ளையின் வாயை அடைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. நம் நிறத்துக்குப் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பிள்ளைகள் கண்ணாடி பார்க்கவே கூசுகிறார்கள். கடுமையான பருவுக்கு ஆண்டிபயாடிக்கும் தேவைப்படலாம், தோல் நிபுணரின் கண்காணிப்பில் வேறு மருந்தும் தேவைப்படலாம். இக்கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

தங்கள் இதழில் தோல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதுபற்றித் தமிழில் விரிவாக எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் தேசிய சேவைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் புரியும்படி, மருந்தின் பெயரோடும் கால அளவோடும் அது இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஈசூன்