கோடை முகாம் கட்டணம் இந்த முறை ஏன் 300 ரூபாய் கூடுதல்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மே மாதம் நம் ஸ்டேஷனரி கடை மாடியில் நடக்கும் 10 நாள் கோடை முகாமுக்கு இந்த வருஷம் கட்டணம் 1,800 ரூபாய். போன வருஷம் 1,500. ஏன் கூட்டினோம் என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

போன வருஷம், பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று 10 இடம் இலவசமாக ஒதுக்கினோம். வைகைக் கரையோரத் தெருக்களுக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தோம். வந்தது 4 பேர். மூன்றாம் நாள் ஒரு பையன்தான் மிச்சம். கட்டணம் வாங்காவிட்டால் போதும், வந்துவிடுவார்கள் என்று நினைத்தது எங்கள் தப்பு.

மதியம் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்தபோது அந்தப் பையன், "எனக்குப் பசிக்கல அண்ணே" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தான். பள்ளி நாள் என்றால் அவனுக்கு மதியம் சத்துணவு உண்டு. 2022-இல் நம் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில், 5-ஆம் வகுப்பு வரை காலைச் சாப்பாடும் உண்டு. லீவு விட்டால் இரண்டும் நின்றுவிடும். மே மாதம் அந்த வீடுகளில் எப்படிக் கழிகிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

இன்னொரு பிள்ளை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அம்மா சித்தாள் வேலைக்குப் போய்விட்டார், தம்பியை யாரிடம் விடுவாள்? 8 வயசுக்குக் கீழே சேர்ப்பதில்லை என்று நாங்களே திருப்பி அனுப்பினோம். அது இன்னும் உறுத்துகிறது.

சரி, இந்த வருஷம் 40 பேரில் 12 பேருக்குக் கட்டணம் கிடையாது. மதியச் சாப்பாடு எல்லாருக்கும் இங்கேயே: ஒரு நாள் சாம்பார் சாதம், ஒரு நாள் தக்காளி சாதம், கூடவே முட்டை. கூட்டிவரவும் கொண்டுபோய் விடவும் ஷேர் ஆட்டோ பேசியாயிற்று. கலர், கத்தரிக்கோல், நோட்டு எல்லாம் கடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தம்பி தங்கச்சியும் வரட்டும், பார்த்துக்கொள்ள ஓர் அக்கா இருப்பார். நீங்கள் கூடுதலாகத் தரும் 300 ரூபாய் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் போகும். பற்றாததைக் கடை போட்டுக்கொள்ளும்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தனி பேட்ச் வைக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. யார் பணம் கட்டினார்கள் என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரிந்தால் போதும். பிள்ளைகள் ஒரே பாயில்தான் உட்காருவார்கள்.

உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவிடமும் தெருவில் இஸ்திரி போடும் அண்ணனிடமும் சொல்லுங்கள். ஃபாரம் எதுவும் நிரப்ப வேண்டாம். ஏப்ரல் 25-க்குள் கடைக்கு வந்து பிள்ளையின் பெயரைச் சொன்னால் போதும்.

அப்புறம், உங்கள் பிள்ளையிடம் டிபன் பாக்ஸ் கொடுத்துவிட வேண்டாம்.

அன்புடன்,
கடைக்காரர்கள்