எலிப்பாசாணம் வேண்டாம், அக்கா

மெல்பேர்ண்,
14.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் அத்தானும் மருமக்களும் நலமாக இருக்க முறிகண்டிப் பிள்ளையார் துணை நிற்கட்டும்.

தொலைபேசியில் நீங்கள் அழாத குறையாகச் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. அடைக்கு வைத்த முட்டைகளை எலி உருட்டிக்கொண்டு போனது, மிஞ்சிப் பொரித்த குஞ்சுகளையும் இழுத்துக்கொண்டு போனது, அத்தான் முள்ளியவளைக்குப் போய் எலிப்பாசாணம் வாங்கி வரப் போகிறார் என்றது, எல்லாம்தான். அத்தானைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இந்தக் கடிதம்.

இங்கே நாங்களும் கோழி வளர்க்கிறோம் என்று சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. வீட்டின் பின்வளவில் பேடுகள் நிற்கின்றன. சேவல் வளர்க்க எங்கள் நகரசபை இலேசில் விடாது. அயலவரின் நித்திரை கெடும் என்பார்கள். சேவல் கூவாத விடியல் எனக்கு இன்னும் பழகவில்லை. 2024-இல் இந்த விக்டோரியா மாநிலத்துப் பண்ணைகளில் பறவைக்காய்ச்சல் பரவியபோது, கடைகளில் ஒருவருக்கு இத்தனை பெட்டி முட்டைதான் என்று மட்டுப்படுத்தினார்கள். அந்த நாட்களில் நம் பேடுகள்தான் பிள்ளைகளுக்கு முட்டை தந்தன. ஊரில் மரநாய்க்குப் பயப்படுவதைப் போல இங்கே நரிக்குப் பயப்பட வேண்டும். நகரத்துக்குள்ளேயே நரி திரிகிறது. வெள்ளைக்காரர் வேட்டையாடி மகிழ 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட இனம் அது.

எலி அதற்கும் முந்தி வந்தது. மண்ணில் வளை தோண்டும் பழுப்பு எலியும் உண்டு, கூரையில் ஏறும் கறுப்பு எலியும் உண்டு. கறுப்பு எலியின் பூர்வீகம் நம்முடைய இந்தியத் துணைக்கண்டப் பக்கம்தானாம். கப்பலேறி உலகமெல்லாம் பரவியிருக்கிறது. இங்கே மார்ச், ஏப்ரலில் குளிர் தொடங்கியதும் இரண்டும் கோழிக்கூட்டைத் தேடி வந்துவிடும்.

எங்கள் கூட்டின் பின்பலகையோரம் ஒரு துளை இருந்தது. குனிந்து பார்த்தேன். வாய் விளிம்பு எண்ணெய் பூசித் தேய்த்தது போல மினுங்கியது. உள்ளே போய் வருகிற எலியின் உடம்புப் பிசுக்கு அது. அங்கிருந்து தீன்தட்டு வரைக்கும் புல் மடிந்து ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. பக்கத்து வீட்டில் வயதான இத்தாலிய அம்மா ஒருவர் இருக்கிறார், ஆயுள் முழுக்கக் கோழி வளர்த்தவர். அவர் வந்து பார்த்துவிட்டு, பத்திரிகைத் தாளைக் கசக்கித் துளையை அடைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் தாள் வெளியே தள்ளப்பட்டிருந்தால் வளையில் எலி குடியிருக்கிறது என்று அர்த்தம். தள்ளப்பட்டுத்தான் கிடந்தது. அவர் துளையை விட்டுவிட்டுத் தீன்தட்டைத்தான் காட்டினார். எலி கோழியைத் தேடி வருவதில்லை, தீனைத் தேடி வருகிறது; வந்த இடத்தில் முட்டையும் குஞ்சும் கிடைத்தால் விடாது என்றார். அக்கா, அவர் சொன்னதை நான் முழுமனதாக நம்புகிறேன். தீனை ஒழுங்கு செய்யாமல் எதைச் செய்தாலும் பலன் இல்லை.

அதனால் முதலில் மிதித்தால் திறக்கும் தீன்பெட்டி ஒன்றை வாங்கினேன். கோழி தட்டில் ஏறி நின்றால் அதன் பாரத்துக்கு மூடி திறக்கும். எலிக்கு அந்தப் பாரம் இல்லை. மூடி எழும்பும் சத்தத்துக்குக் கோழிகள் மிரண்டு ஓடின. முழுதாகத் திறந்தபடி கல் வைத்து முட்டுக்கொடுத்தேன். கோழிகள் பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினேன். கடைசியில் கறுப்புப் பேடு ஒன்று துணிந்து ஏறியது, மற்றவை அதைப் பார்த்துப் பழகின. தீன் மூட்டையைத் தகர வாளியில் கொட்டி மூடிவைக்கிறோம். பொழுதுபட முன் முட்டைகளை எடுத்து, சிந்திய தீனையும் கூட்டி அள்ளிவிடுகிறோம். எலி இராத்திரிப் பிராணி. அது வரும் நேரத்தில் தின்ன ஒன்றும் இல்லை. வளையில் இப்போது தாள் வைத்தால் வைத்தபடியே இருக்கிறது.

உங்களுக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. குறுணலையும் தவிட்டையும் முற்றத்தில் அள்ளி வீசாமல், கோழி தின்று முடிக்கிற அளவுக்குத் தட்டில் வையுங்கள். பொழுதுபட்டதும் தட்டைக் குசினிக்குள் எடுத்துவிடுங்கள். தேங்காய்ப்பூவும் மிச்சச் சோறும் கூட்டடியில் கிடக்கவே கூடாது.

கூட்டை நிலத்திலிருந்து இடுப்பளவு உயர்த்தி, நாலு கால்களையும் சுற்றித் தகரம் அடிக்கச் சொல்லுங்கள். எலி ஏறாமல் தென்னைக்கு நாம் அடிக்கிற அதே தகரம்தான், ஒரு முழ அகலமாவது வேண்டும். கூட்டுக்கு மேலே வேலிக் கதியாலோ மரக்கிளையோ தொடாமல் வெட்டுங்கள், அதில் நடந்து வந்துவிடும். இப்போது அடித்திருக்கிற அறுகோணக் கண் கோழிவலை எலிக்கு ஒரு தடையே இல்லை. கடித்து அறுக்கும், குட்டி எலி நுழைந்தே போகும். ஹாட்வெயார் கடையில் அரை அங்குலக் கண் வெல்ட்மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை, கேளுங்கள். உயர்த்த முடியாவிட்டால் வலையைக் கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஓரடி மடித்து மண்ணுக்குள் புதைக்கலாம். சுவரோரம் தோண்ட வரும் எலி அந்த வலையில் முட்டி நின்றுவிடும்.

பாசாணத்தை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இப்போது வருகிற மருந்துகளில் பல இரத்தம் உறையாமல் செய்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடித் திரியும். அதைக் கூகை பிடிக்கும், பூனை பிடிக்கும், நம் கோழியே கொத்தும். மருந்து அவற்றின் ஈரலில் நெடுநாள் தங்கும். இங்கே ஆந்தைகள் இப்படிச் செத்ததை ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். நம் வளவில் எலியைத் தின்ன சாரையும் கூகையும் இருக்கின்றன. அவற்றைக் கொன்றுவிட்டு எலியோடு தனியே போராடுவதா? சின்ன மருமகன் எதையும் வாயில் வைக்கிற வயது, அதுவும் எனக்குப் பெரிய பயம். எலி குட்டியை வயிற்றில் சுமக்கிற காலம் மூன்று வாரம்தான், முட்டை பொரிக்கிற அதே காலம். தீன் கிடக்கும் வரைக்கும் செத்தவற்றின் இடத்துக்கு வயற்கரையிலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். ஒன்றிரண்டு நின்றால் பொறி வையுங்கள், கோழி நுழையாதபடி பெட்டிக்குள் வைத்து. பசை அட்டை வாங்காதீர்கள், அது சித்திரவதை. இங்கே பொதுமக்கள் அதை வைப்பது சட்டப்படி குற்றம்.

எலி நிற்கிற இடத்துக்குப் புடையன் பாம்பு வரும், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரவில் கூட்டடிக்கு யார் போனாலும் ரோச் லைட்டும் செருப்பும் இல்லாமல் போகக் கூடாது. எலிக்காய்ச்சலும் சின்ன விஷயம் இல்லை. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் காலில் உள்ள காயத்தில் பட்டால் போதும். காலபோக நெல் விதைப்புக்கு அத்தான் வயலில் இறங்க முன், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கூடு துப்புரவாக்கும்போது நீங்களும் கையுறை போடுங்கள். காய்ந்த எச்சத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டினால் தூசி எழும்பாது.

மழை தொடங்க முன் வேலை முடிய வேண்டும். கூட்டின் நீள அகலத்தை அளந்து அத்தானை அனுப்பச் சொல்லுங்கள். வலைக்கும் தகரத்துக்கும் உள்ள காசை இந்த மாதச் சம்பளத்தில் அனுப்புகிறேன், மறுக்க வேண்டாம். அடைக்கிடக்கிற சிவப்புப் பேட்டை அதுவரைக்கும் வீட்டுக்குள் கடகத்தில் வைத்து அடைகாக்க விடுங்கள். பெரிய மருமகளின் பரீட்சை எப்படிப் போனது என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி