மலருக்கு, அந்தப் பழைய லேப்டாப் பற்றி

அன்புள்ள மலர்,

மாப்பிள்ளை தன் நண்பரிடம் வாங்கி வந்த லேப்டாப்பைத் திறந்தாலே அந்த நண்பரின் ஜிமெயில்தான் வந்து நிற்கிறது என்று போனில் சொன்னாய். டெஸ்க்டாப்பில் அவர் மனைவியின் பான் கார்டு, டவுன்லோட்ஸில் வீட்டுக் கடன் தாள்கள் என்று நீ அடுக்கிக்கொண்டே போனபோது கடையில் பிரிண்ட் எடுக்க ஆள் காத்திருந்தார்கள். பாதியில் வைத்துவிட்டேன். மீதியை எழுதிவிடுகிறேன், நிதானமாகப் படி.

நண்பர் வீட்டுத் தாள்களை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு வேறு ஒரு கவலை. அந்த குரோமில் அவருடைய கணக்கு உள்ளே நிற்கும்போது நீ ஏதாவது பாஸ்வேர்ட் அடித்தாயா? 'சேமிக்கட்டுமா' என்று அது கேட்கும், நாமும் அவசரத்தில் சரி கொடுத்துவிடுவோம். சிங்க், அதாவது ஒரே கணக்கு உள்ள எல்லாக் கருவிகளிலும் ஒரே தகவலை வைக்கும் வசதி, ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பாஸ்வேர்ட் அவருடைய கூகுள் கணக்கில் போய்ச் சேரும். அவர் போனிலும் தெரியும், நீ எந்தெந்தப் பக்கம் பார்த்தாய் என்பதும் கூடவே போகும். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், உன் பேங்க் பாஸ்வேர்ட் அவர் போனில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? அப்படி எதையாவது அடித்திருந்தால் உன் போனில் இருந்து இன்றைக்கே மாற்றிவிடு. அந்த லேப்டாப்பில் வைத்து மாற்றாதே.

அப்புறம் மாப்பிள்ளையை விட்டு நண்பரிடம் சொல்லச் சொல். அவர் தன் போனிலேயே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்ற இடத்துக்குப் போய், இந்த லேப்டாப்பை வெளியேற்றிவிடலாம். வேண்டிய ஃபைல் இருந்தால் ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம்.

பிறகு முழு ரீசெட். ஒவ்வொரு ஃபைலாக டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் போதும் என்று நினைக்காதே. பெரும்பாலும் அந்த ஃபைல் இருக்கும் இடத்தின் குறிப்பு மட்டும்தான் அழியும், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளே இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இலவச மென்பொருளை வைத்தே மீட்டுவிடலாம். தவறுதலாக அழித்துவிட்டேன் என்று அழுதுகொண்டு வந்தவர்களுக்கு நான் கல்யாண போட்டோக்களை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். அதே வித்தையை வேறு ஒருவர் வேறு காரணத்துக்கும் செய்யலாம். அதனால் விண்டோஸ் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய் 'ரீசெட் திஸ் பிசி' கொடு. 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்தெடு. அதற்கடுத்து வரும் கூடுதல் அமைப்புகளில் 'க்ளீன் டேட்டா' என்று ஒன்று இருக்கும், அதையும் இயக்கு. சில மணி நேரம் இழுக்கும். சார்ஜரைச் செருகி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்.

ரீசெட் கொடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடு: அதில் இருப்பது விண்டோஸ் 10-ஆ, 11-ஆ? 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஒரு நீட்டிப்பு அறிவித்தார்கள். அது தற்காலிகம்தான். 11-க்கு மாற முடியுமா என்று பார்க்க 'பிசி ஹெல்த் செக்' என்று மைக்ரோசாஃப்டே ஒரு செயலி கொடுக்கிறது. முடியாது என்று வந்தால் அதற்காகப் புது லேப்டாப் வாங்கப் போகாதே, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். உனக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ் இருந்தது, நீ ஒரு நாளும் அதைத் திறக்கவில்லை. இப்போது லினக்ஸ் மின்ட் அதைவிட எவ்வளவோ எளிது. பில் கட்ட, யூடியூப் பார்க்க, கடிதம் அடிக்க தாராளமாகப் போதும்.

அப்டேட் என்றாலே தள்ளிப்போடுகிற பழக்கம் உனக்கு உண்டு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டதே, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே அடைப்பு கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் அப்டேட் போடாமல் விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். யாராவது 'கிராக்' போட்டு விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த மாதிரிக் கருவியோடு என்னென்ன கூட வரும் என்று கொடுக்கிறவருக்கே தெரியாது.

இனி உங்கள் தாள்களைப் பற்றி. இத்தனை வருஷமாக பிரவுசிங் சென்டர் நடத்துவதில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இதுதான். கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். வாட்ஸ்அப் வெப் திறந்தபடி இருக்கும். டவுன்லோட்ஸில் பட்டா, மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம். ஸ்கேனர் கண்ணாடிக்கு அடியில் அசல் ஆதார் அட்டையே கிடக்கும். தினமும் கடை மூடும்போது நான் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிறேன். எல்லாக் கடையிலும் அப்படிச் செய்வார்கள் என்று நான் உனக்கு உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்ட் இருக்கிறதே என்று நீ கேட்கலாம். பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருஷம், அவ்வளவுதான். வாடிக்கையாளர் சொல்லாமலே நாங்கள் அடித்துத் திறந்துவிடுவோம். உன் பெயரும் பிறந்த வருஷமும் தெரிந்த யாரும் திறக்கலாம். அதனால் ஆதாரை டவுன்லோட் செய்யும்போது 'மாஸ்க்டு ஆதார்' வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடு. முதல் எட்டு எண்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். ஹோட்டல் அறை, வாடகை வீட்டுப் புரோக்கர் மாதிரி இடங்களில் அதையே கொடுத்துப் பார். முழு எண்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் எதற்கு என்று கேள். கேட்பதில் தப்பில்லை.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது. ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், இன்டர்நெட் கஃபேயில் இ-ஆதார் இறக்காதீர்கள், இறக்கினால் எல்லா நகலையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று. ஜனங்கள் பதறிவிட்டார்கள். தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி 29-ஆம் தேதியே மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. கடைக்காரியாக எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, பிழைப்பைக் கெடுக்கிறார்களே என்று. ஆனால் அதில் சொன்ன யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது உன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, ஒரு சின்ன பிரிண்டரும் வாங்கிவிட்டால் இந்த வேலைக்கு வெளியே போகவே வேண்டாம். என்னிடம் கேட்டால் ஆன்டிவைரஸுக்குக் கொடுக்கிற காசை பிரிண்டரில் போடு. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும்.

ஆன்டிவைரஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று திரையின் வலது ஓரத்தில் எட்டிப் பார்க்கும் பெட்டியைப் பார்த்துப் பயந்து எங்கள் கடைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். முக்கால்வாசி நேரம் அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு படம் பார்க்கிற தளத்தில் 'அலோ' என்று அழுத்தியிருப்பார்கள், அந்தத் தளம் அதிலிருந்து விளம்பரமாக அனுப்பிக்கொண்டே இருக்கும். குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ், அங்கே தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டால் முடிந்தது. அந்தப் பெட்டியில் போன் நம்பர் கொடுத்திருந்தால் மட்டும் எக்காரணம் கொண்டும் பேசக் கூடாது.

பாஸ்வேர்டுகளில் ஜிமெயிலுக்குத்தான் முதல் மரியாதை. மற்ற எதற்கு 'மறந்துவிட்டது' என்று அழுத்தினாலும் புதிதாக மாற்றும் லிங்க் அந்த மெயிலுக்குத்தானே வருகிறது? அதைப் பிடித்தவன் எல்லாவற்றையும் பிடித்துவிடுவான். அதனால் அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான ஒன்றை வை. சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் ஞாபகமும் இருக்கும். இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடு, பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று உங்கள் ஆபீஸில் சொல்வார்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் என்ஐஎஸ்டி 2017-லேயே அந்த விதியை விட்டுவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும்தான் மாற்றுகிறார்கள், பிறகு எதற்கு? திருடு போனதாகத் தெரிந்தால் உடனே மாற்று, இல்லையென்றால் விடு. நோட்டில் எழுதி பீரோவில் வைத்துக்கொள்வதைச் சிலர் கேலி செய்வார்கள். போன் கான்டாக்டில் 'பேங்க் பின்' என்று பெயர் போட்டுச் சேமிப்பதைவிட அது எவ்வளவோ மேல். வீட்டில் கள்ளன் வந்தால் நோட்டைத் தேட மாட்டான்.

விண்டோஸ் 11 ஏறிவிட்டால் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம், அதாவது உள்ளே இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கலாம். லேப்டாப் தொலைந்தால் நல்லது. ஆனால் ஒரு நாள் ஏதோ அப்டேட்டுக்குப் பிறகு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நின்றுவிடலாம், அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது போனதுதான். அந்தக் கீ மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பிரிண்ட் எடுத்து நோட்டிலேயே ஒட்டிவை. எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. குழந்தை போட்டோக்களை மட்டும் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் போட்டு வை, வேலை முடிந்ததும் கழற்றிவிடு.

குழந்தைக்குத் தனி யூசர் கணக்கு போடு. உன் கணக்கில் உட்கார்ந்து அவன் படம் வரைய வேண்டாம். நீ எழுந்து போகும்போது விண்டோஸ் சாவியையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பூட்டிக்கொள்ளும். குரோமில் இருக்கும் இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னலை நம்பி ஏமாறாதே. அது அந்தக் கம்ப்யூட்டரில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவே. நெட் கொடுக்கிற கம்பெனிக்கும் நீ போகிற தளத்துக்கும் நீ போனது தெரியும். இதை வைத்து அமெரிக்காவில் வழக்கே நடந்து, சேர்த்து வைத்த பதிவுகளை அழிக்க 2024-ல் கூகுள் ஒப்புக்கொண்டது.

கடைசியாக உன் மாமனார். பென்ஷன் பணம் அக்கவுண்டில் இருக்கிறது, பகலில் வீட்டில் தனியாக இருக்கிறார், போன் வந்தால் மரியாதையாகப் பேசுவார். இந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' கும்பலுக்கு இப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும். வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து, உங்கள் பெயரில் பார்சலில் போதைப் பொருள் பிடிபட்டது, யாரிடமும் பேசாமல் கேமரா முன்னாலேயே உட்காருங்கள் என்பார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்லி எச்சரித்தார். லேப்டாப்பைச் சரி செய்து தருகிறேன் என்று ஏதாவது ஆப்பை ஏற்றச் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல்) வந்தாலும் தொடக் கூடாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் நடுவழியிலேயே பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. அந்த எண்ணை அவர் போனில் சேமித்து, பெரிய எழுத்தில் எழுதி டிவி பக்கத்திலும் ஒட்டச் சொல்.

நீயாக இதையெல்லாம் அவரிடம் சொல்லப் போகாதே. மருமகள் பாடம் எடுக்கிறாள் என்று தோன்றிவிடும். மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொல்லட்டும். அவர் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

அன்புடன்,
அம்மா
அருப்புக்கோட்டை