கிணற்றுமேட்டு அருகம்புல்

டிஃப்டன், ஜார்ஜியா, அமெரிக்கா

அன்புள்ள முருகேசா,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. தப்புதான், மன்னித்துவிடு. அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? கொழுக்கட்டைக்காரரைப் பார்த்தால் கேட்டதாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் வயலில் வெயில் ஏற ஏற அருகு வெட்டினோமே, ஒரு கணு தப்பினாலும் மழைக்கு மறுபடி எழுந்துவிடுமே, அதே புல்தான் இங்கே பெர்முடா. நான் ஆராய்ச்சிக்காகத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறேன்! அப்பாவிடம் சொல்லாதே, மண்வெட்டியோடு கிளம்பி வந்துவிடுவார்.

1960இல் இந்த ஊரில் வெளியான டிஃப்வே ரகம்தான் எத்தனையோ விளையாட்டு மைதானங்களில் இருக்கிறது. அந்தக் கலப்பில் சேர்ந்த அருகுக்கு 36 குரோமோசோம் (செல்லுக்குள் ஜீன்களைத் தாங்கும் இழை), அதன் தென்னாப்பிரிக்கப் பங்காளிக்கு 18. இரண்டுக்கும் பிறந்ததற்கு 27. ஒற்றைப்படை, ஜோடி சேர்ந்து சரியாகப் பிரியாது. அதனால் விதை பிடிக்காது, தண்டை நட்டுத்தான் பெருக்க வேண்டும். ஆக, அத்தனை மைதானமும் அடிப்படையில் ஒரே செடி. ஒன்றைச் சாய்க்கிற நோய் வந்தால் எல்லாவற்றையும் சாய்த்துவிடும். இதை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

வறட்சி தாங்கும் புது ரகத்துக்குப் பெற்றோரிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். கலப்பில் வந்த ஒவ்வொரு நாற்றிலும் இலை கிள்ளி டிஎன்ஏ பார்க்கிறோம். குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கும் டிஎன்ஏ அடையாளங்கள் பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைக்குப் போகும், தள்ளி இருப்பவை அடிக்கடி பிரியும். எவ்வளவு பிரிகிறது என்று எண்ணித்தான் தூரம் குறித்து வரைபடம் போடுகிறோம். அப்புறம் தண்ணீரை நிறுத்திவிட்டு, தாக்குப்பிடிக்கிற செடிகளுக்கு அந்த வரைபடத்தில் எந்த இடம் பொதுவாக இருக்கிறது என்று தேடுகிறோம். இடம் உறுதியானால், இனி வரும் நாற்றுகளில் இலையைக் கிள்ளியே பாதியைக் கழித்துவிடலாம். ஆனால் வறட்சி தாங்குவது ஒரே ஜீனின் வேலை இல்லை. பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடக்கிறது. அதனால் வயலில் வைத்துப் பார்க்கும் வேலை குறையுமே தவிர, போகாது.

போன வியாழக்கிழமை தொட்டிகள் எல்லாம் வைக்கோல் நிறம். ஒன்றில் மட்டும் இலை ஊசியாகச் சுருண்டிருந்தது. ஓடுதண்டை நகத்தால் சுரண்டினேன், உள்ளே பச்சை, ஈரம்! உடனே உன்னைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. அங்கே நடுராத்திரி.

உன் கல்யாணத்தில் பாட்டி ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி’ என்று வாழ்த்தினாரே, அதுதான் அப்போது ஞாபகம் வந்தது. ஒரு உதவி செய். கிணற்றுமேட்டில் தண்ணீரே பார்க்காத அருகு இருக்கிறதல்லவா? அதன் வேர் எத்தனை அடி போயிருக்கிறது என்று தோண்டிப் பார்த்து எழுது. புல்லை உறையில் போட்டு அனுப்பிவிடாதே, அனுமதி இல்லாமல் கூடாது. அளவு போதும்.

உன்,
ரவி