இனாக்கஸ் காட்சியை எடுத்துவிடாதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஒத்திகை வீடியோவை நேற்று ராத்திரியும் பார்த்தேன், இன்று விடிந்ததும் பார்த்தேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. ஃபோனில் பார்த்தது போதாமல் எதிர்வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு டிவியில் போடச் சொல்லியும் பார்த்தாயிற்று. இதையெல்லாம் பேச்சில் ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு ஒத்திகைக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ரோமானியக் கவிஞன் ஓவிடின் ‘உருமாற்றங்கள்’ கதைகளை வைத்து நீங்கள் போடும் நாடகம் எழுபது நிமிடத்தைத் தாண்டுவதால், இயோ கதையில் அவள் அப்பன் இனாக்கஸ் வரும் காட்சியை எடுத்துவிடலாம் என்று உங்கள் இயக்குநர் நினைப்பதாக எழுதியிருந்தாய். எடுக்க வேண்டாம் பாப்பா. அவளைக் காவல் காக்கும் ஆர்கஸின் நூறு கண்ணைக் குறையுங்கள். மெர்க்குரி குழல் ஊதி அவனைத் தூங்கவைப்பது எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அதில் பாதியை வெட்டுங்கள். அந்த அப்பன் மட்டும் இருக்கட்டும்.

நான் சிறு குருமடத்தில் சேர்ந்தது 1964-ல், பதினான்கு வயதில். ஆறு வருடத்தில் வெளியே வந்துவிட்டேன், அது உனக்குத் தெரிந்த கதை. அங்கிருந்து என்னோடு வந்தது லத்தீன். ஆனால் குருமடத்தில் சொல்லிக்கொடுத்தது இலக்கணமும் செபமும்தான். ஓவிடைப் படித்தது பிறகு, பள்ளிக்கூட வேலையில் இருந்தபோது, ஓய்வுபெற்ற ஒரு சாமியார் தன்னுடைய பழைய புத்தகத்தை எனக்குக் கொடுத்ததால். ‘உருமாற்றங்கள்’ மொத்தம் 15 பாகம், கிட்டத்தட்ட 12,000 வரி. எல்லாவற்றையும் சமமாகப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். முதல் பாகத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போவேன். நீ பிறந்த பிறகு இன்னும் அதிகமாகப் போனேன்.

இயோ ஓர் ஆற்றின் மகள். இனாக்கஸ் என்ற ஆற்றுத் தேவன்தான் அப்பன். தேவர்களின் ராஜா ஜுபிடர் அவளைத் துரத்தி, ஓட முடியாதபடி பூமியை இருட்டால் மூடி, கெடுத்துவிடுகிறான். மனைவி ஜூனோ இறங்கி வருவது தெரிந்ததும் அவளை ஒரு வெள்ளைக் கிடாரியாக மாற்றிவிடுகிறான். உங்கள் குழுவில் எல்லோரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் செய்த தப்புக்குக் கிடைத்த தண்டனை இல்லை இது. தான் செய்ததை மறைக்க அவளுடைய உடம்பை எடுத்துக்கொண்டான். மேடையில் அந்த இருட்டு பட்டுத்துணி மாதிரி அழகாகச் சுழன்று வந்தால் எனக்குக் கோபம் வரும்.

இதில் ஒன்றைக் கவனி. அவள் கிடாரியாக மாறும் கணத்தை ஓவிட் இரண்டு வரிக்குள் முடித்துவிடுகிறான். நிறுத்தி நிதானமாக எழுதுவது அதற்கப்புறம்தான். ஜூனோ காவலுக்கு வைத்த ஆர்கஸிடம் கெஞ்சலாம் என்று கைகளை நீட்டப் போகிறாள். நீட்டுவதற்குக் கை இல்லை. முறையிட வாயைத் திறக்கிறாள். மாட்டின் சத்தம் வருகிறது, தன் குரலைக் கேட்டுத் தானே நடுங்குகிறாள். சின்ன வயதில் விளையாடிய ஆற்றங்கரைக்கு வந்து தண்ணீரில் தன் கொம்பைப் பார்க்கிறாள். தன்னிடமிருந்தே மிரண்டு ஓடுகிறாள். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். பழைய உடம்பின் பழக்கம் ஒன்று கிளம்புகிறது, புது உடம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். கட்டை விரலை நெற்றியில் வைத்துக் கொம்பு காட்டுகிறாய். அது வேண்டாம். கொம்பைப் பார்த்தவுடன் ஜனங்கள் ‘மாடு’ என்று புரிந்துகொண்டு சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கப்புறம் நீ என்ன செய்தாலும் அவர்களுக்கு அது மாடு செய்வதுதான்.

எழுந்திருக்கும் இடமும் எனக்கு உறுத்தியது. ஆச்சி வீட்டுத் தொழுவத்தில் நீ எத்தனையோ நாள் விளையாடியிருக்கிறாய், ஆனால் மாடு எழுந்திருப்பதைக் கூர்ந்து பார்த்திருக்க மாட்டாய். முதலில் உடம்பை முன்னால் தள்ளி, முன்காலில் முட்டி போட்டாற்போல் நிற்கும். அப்புறம் பின்பக்கம் முழுதும் மேலே வரும். அந்த நேரத்தில் பார்த்தால், கோயிலில் முழந்தாளிட்டிருக்கிற மாதிரி தலை தாழ்ந்து, இடுப்பு மட்டும் உயர்ந்து இருக்கும். கடைசியாகத்தான் முன்காலை ஒவ்வொன்றாக எடுத்து ஊன்றும். குதிரை இதற்கு நேர்மாறு, முன்காலை ஊன்றித்தான் அது எழும். நீ வீடியோவில் கையை ஊன்றி மார்பைத் தூக்கி எழுகிறாய். அது குதிரை. மாட்டுக் கணக்கில் எழுந்தால் நடுவில் ஒரு விநாடி நீ முழந்தாளிட்டுக் கும்பிடுகிற பெண்ணாகவும் தெரிவாய், மாடாகவும் தெரிவாய். அந்த ஒரு விநாடியை நீட்டிப் பார்.

லெக்காக் பள்ளியில் படித்த இரண்டு வருடமும் நீ எழுதிய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாத அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு தண்ணீராக, நெருப்பாக, மரமாக மாறிப் பார்த்தது, அப்புறம் மிருகங்கள். உடற்பயிற்சி வாத்தியாராக வாழ்க்கையை ஆரம்பித்த ஒரு மனிதர் 1956-ல் பாரிஸில் அந்தப் பள்ளியைத் தொடங்கினார் என்று நீ எழுதியபோதுதான் எனக்கு அதில் ஒரு நம்பிக்கை வந்தது. உடம்பை அறிந்தவர்களிடம் போயிருக்கிறாள் என்று. அந்தப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. மாடாக மாற அது சொல்லிக்கொடுக்கும். ஓவிட் உன்னிடம் கேட்பது, மாறிய பிறகும் மாடாகிவிட முடியாமல் தவிக்கிற ஒருத்தியை.

அவளை நீ ஏற்கெனவே காட்டியிருக்கிறாய். இரண்டாவது நிமிடம் முடிகிற இடத்தில், நாலு காலில் நிற்கும்போது, உன் வலது கை தரையிலிருந்து எழும்பிக் காதுப் பக்கம் போகிறது. முன்னால் விழும் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்க. முடிதான் இல்லையே, இந்த நாடகத்துக்காக எல்லோரும் ஒட்ட வெட்டிக்கொண்டீர்களே. கை அங்கே போய் ஒன்றும் கிடைக்காமல் ஒரு கணம் நிற்கிறது, அப்புறம் தரைக்குத் திரும்புகிறது. ‘அந்த இடத்தில் ஒரு தப்பு வந்துவிட்டது, கண்டுகொள்ளாதீர்கள்’ என்று கீழே எழுதியிருக்கிறாய். அது தப்பில்லை கண்ணு. இந்த மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் அந்தக் கைதான் இயோ.

டயானா தேவி மானாக மாற்றிவிடும் வேட்டைக்காரன் ஆக்டியானின் பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஆறு பேர் நாய்களாகவும், அவர்களே சடக்கென்று நிமிர்ந்து அவனுடைய வேட்டை நண்பர்களாகவும் மாறுவது அருமை. அவன் மான் ஆனதும் ஓவிட் ஒரு வரி எழுதுகிறான்: ‘மென்ஸ் தாந்தும் பிரிஸ்தினா மான்சித்’. மனம் மட்டும் பழையபடியே மிச்சமிருந்தது. ‘நான்தான் ஆக்டியான், உங்கள் எஜமான்’ என்று சொல்ல நினைக்கிறான், வார்த்தை வரவில்லை. நாய்கள் அவனைக் குதறிக்கொண்டிருக்கும்போது நண்பர்கள், இந்த வேட்டையைப் பார்க்க ஆக்டியான் இல்லையே என்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தன் பேரைக் கேட்டதும் அவன் தலையைத் திருப்புகிறான். உங்கள் காட்சியில் அந்தத் தலைதிருப்பல் இல்லை. வேறு எதையும் சேர்க்க வேண்டாம், அதை மட்டும் சேர்க்கச் சொல். நாய்களெல்லாம் ஒரு நொடி உறையட்டும், அவன் திரும்பிப் பார்க்கட்டும்.

அப்பல்லோ தேவன் துரத்த, மரமாக மாறிவிடும் டாஃப்னியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ரோமிலிருந்து நீ அனுப்பிய பெர்னினி சிற்பத்தின் படம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. 1622-லிருந்து 1625 வரை செதுக்கிய பளிங்கில் விரல் நுனிகள் இலையாகிக்கொண்டிருக்கின்றன, வாய் இன்னும் திறந்திருக்கிறது. அதைப் போலவே நின்று காட்ட ஆசை வரும். சிற்பத்தில் இருப்பதை மேடையில் திரும்பச் செய்வதைவிட, சிற்பத்தால் முடியாததைச் செய்யுங்கள். அப்பல்லோ மரத்தில் கையை வைக்கும்போது புதுப் பட்டைக்கு அடியில் அவள் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிகிறது. அந்தத் துடிப்பை ஜனங்கள் காதால் கேட்க வேண்டும், மெதுவாகிக்கொண்டே போவதைக் கேட்க வேண்டும்.

டாஃப்னிக்கும் அப்பன் ஓர் ஆறுதான். அவள் மரமான பிறகு அக்கம்பக்கத்து ஆறுகளெல்லாம் அவளுடைய அப்பனைப் பார்க்க வருகின்றன. வாழ்த்துவதா, துக்கம் கேட்பதா என்று அந்த ஆறுகளுக்குத் தெரியவில்லை. நீ பெங்களூர் வேலையை விட்டுவிட்டுப் பாரிஸ் போன மாதம் நம் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். வராத ஆறு ஒன்றே ஒன்று, இனாக்கஸ். அவன் குகைக்குள் உட்கார்ந்து தன் கண்ணீரால் ஆற்றில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டிருக்கிறான். மகளைக் காணோம். இருக்கிறாளா செத்தாளா என்றே தெரியாது.

இனி அந்தக் காட்சி. கிடாரி அப்பனுக்குப் பின்னாலேயே வருகிறது. தடவிக்கொடுக்க நிற்கிறது. கிழவன் புல்லைப் பிடுங்கி நீட்டுகிறான். அது அவன் கையை நக்குகிறது, உள்ளங்கையில் முத்தம் கொடுக்கிறது, அழுகிறது. மாட்டு நாக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கும். முத்தத்தைக்கூட அந்த நாக்கால்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது அவளுக்கு. அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் அவள் குளம்பால் புழுதியில் எழுதுகிறாள். லத்தீனில் அவள் பேருக்கு இரண்டே எழுத்து. ஒரு நேர்கோடு, ஒரு வட்டம். ஒரு மாடு காலால் எழுதக்கூடிய பேர் அது. ‘ஐயோ பாவி நான்’ என்று அவன் அவள் கொம்பையும் கழுத்தையும் கட்டிக்கொண்டு கதறுகிறான். தேசமெல்லாம் தேடிய மகள் நீதானா, கிடைக்காமல் இருந்தபோது இருந்த துக்கமே இதைவிட லேசாக இருந்தது என்கிறான்.

அப்புறம் அவன் சொல்வதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். ‘இது தெரியாமல் நான் உனக்குக் கல்யாணத்துக்குத் தீப்பந்தம் தயார் செய்துகொண்டிருந்தேன். முதலில் ஒரு மருமகன், அடுத்து பேரப்பிள்ளைகள், இதுதான் என் நம்பிக்கை.’ மகள் இன்னும் மாட்டு உருவத்தில் எதிரே நிற்கும்போது இதைச் சொல்கிறான். நீ பாரிஸ் போன அந்த வருடத்தில் நானும் உனக்கு மூன்று இடத்தில் கல்யாணம் பேசிவைத்திருந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் ராத்திரி இந்த வரிகளை எடுத்துப் படித்தேன். புத்தகத்தை மூடிவிட்டு மறுநாளே மூன்று வீட்டுக்கும் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. வீடியோவை முதலில் போட்டபோது எனக்கு நீ யார் என்றே தெரியவில்லை. ஏழு பேர், எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிற உடுப்பு, எல்லோரும் முடியை ஒட்ட வெட்டியிருக்கிறீர்கள், தலை குனிந்திருக்கிறது. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். அந்தக் கை காதுப் பக்கம் போனது. ‘அந்தா, நம்ம பிள்ள’ என்றாள்.

இயோ புழுதியில் எழுதுவதற்காக மணலைக் கொட்டினால் தூசி பறக்கும், அடுத்த காட்சியில் காலை வாரிவிடும் என்று இயக்குநர் சொன்னது நியாயம்தான். மணல் வேண்டாம். சிகாகோவில் 1998-ல் மேரி ஸிமர்மன் இதே ஓவிடை மேடையேற்றியபோது மேடையில் ஒரு குளத்தையே கட்டினார், 2002-ல் அவருக்கு டோனி விருதும் கிடைத்தது என்று நீதான் சொன்னாய். குளம் கட்ட உங்களிடம் பணம் இல்லை, ஒரு வாளித் தண்ணீர் போதும். அவள் ஆற்றின் மகள்தானே. அப்பனாக வருகிறவர் ஈரத்துணியால் தரையைத் தொட்டபடி வரட்டும். நீ உன் குதிகாலை அந்த ஈரத்தில் நனைத்து, கறுப்புத் தரையில் ஒரு கோடு, ஒரு வட்டம் போடு. விரலால் போடாதே, குதிகாலால். நேரம் எடுக்கட்டும், வட்டம் கோணலாக வரட்டும். முதல் வரிசைக்கு மட்டும்தான் தரை தெரியும் என்பாய். அதற்காகத்தான் அப்பன் இருக்கிறான். அவன் குனிந்து விரலால் அந்தக் கோட்டின்மேலேயே போய், அந்த வட்டத்தைச் சுற்றி வந்து, வாய்க்குள் எழுத்துக் கூட்டினால் கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும். அடுத்த காட்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் விளக்குச் சூட்டில் அது தானே காய்ந்துபோகும். யாரும் துடைக்க வேண்டாம்.

கடைசியில் நைல் நதிக்கரையில் அவளுக்குப் பழைய உருவம் திரும்புவதை நீங்கள் எழுந்து நிற்பதோடு முடிக்கிறீர்கள். ஓவிட் அங்கே முடிக்கவில்லை. கொம்பு தேய்கிறது, கை வருகிறது, குளம்பு ஐந்து நகமாகப் பிரிகிறது, இரண்டு காலில் நிற்கிறாள். ஆனால் பேசப் பயப்படுகிறாள். எங்கே மறுபடி மாட்டுச் சத்தம் வந்துவிடுமோ என்று. விட்டுப்போன வார்த்தைகளைத் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்க்கிறாள். இதை எழுதியவனையே கி.பி. 8-ல் கருங்கடல் ஓரத்துக்கு நாடு கடத்தினார்கள், அங்கே பேச ஆளில்லாமல் என் லத்தீனே எனக்கு மறந்துபோகிறது என்று அவன் ஊருக்குக் கவிதையில் எழுதிக்கொண்டிருந்தான். உனக்கு அந்த இடத்தில் வசனம் இல்லை என்று தெரியும். வசனம் வேண்டாம். வாயைத் திற, மூச்சை இழு, அதோடு விளக்கு அணையட்டும்.

அம்மா முழங்காலுக்கு உறை வாங்கிவிட்டாயா என்று கேட்கிறாள், கறுப்பு நிறத்தில் உடுப்புக்குள் போடுகிற மாதிரி கிடைக்குமாம். இயக்குநரிடம் பேசிவிட்டு, என்ன சொன்னார் என்று ஒரு வரி போடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கூப்பிடுகிறேன்.

உன் அப்பா