வீடு தேடி வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள நோய்த்தணிப்புச் சிகிச்சைக் குழுவினருக்கு,

வணக்கம். அப்பாவுக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலி தாங்காமல் இரவெல்லாம் முனகிக்கொண்டிருந்தார். செய்வதற்கு இன்னும் நிறைய இருக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் நீங்கள்தான்.

டாக்டர், வலிக்கு அபின் வகை மருந்தான மார்ஃபின் தரலாம் என்றதும் நாங்கள் பயந்துபோனோம். அதற்கு அடிமையாகிவிடுவாரோ, உயிருக்கே ஆபத்தோ என்று மாறி மாறிக் கேட்டோம். கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல் விளக்கினீர்கள். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து தர வேண்டும் என்றீர்கள். அளவு சரியாக அமைந்ததும் அப்பா நன்றாகத் தூங்கினார். அப்புறம் எங்களோடு உட்கார்ந்து பேசவும் செய்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தப் பேச்சு உங்களால் கிடைத்தது.

சிஸ்டர், அப்பாவை வலிக்காமல் திருப்பிப் படுக்க வைப்பது, படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டுவது, வறண்ட வாயை ஈரத்துணியால் துடைப்பது எல்லாவற்றையும் அம்மாவுக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தீர்கள். கிளம்பும்போதெல்லாம் "நீங்க தூங்குனீங்களாம்மா?" என்று கேட்பீர்கள். அம்மா இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நோயாளியோடு சேர்த்து வீட்டில் இருப்பவர்களையும் பார்ப்பதுதான் இந்தச் சிகிச்சை என்று அப்போதுதான் புரிந்தது. உதவித்தொகைக்கான படிவங்களை எங்களோடு உட்கார்ந்து நிரப்பித் தந்த சமூகப் பணியாளருக்கும், அம்மா கொஞ்ச நேரம் கண்ணயர அப்பாவுக்குத் துணையிருந்த தன்னார்வலர்களுக்கும் நன்றி.

இப்படியொரு சேவை பொதுச் சுகாதாரத் திட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று வாதாடிக் கொண்டுவந்தவர்களையும் நினைத்துக்கொள்கிறோம். உங்கள் நல்ல மனம் ஒரு வீட்டுக்கு வரும். எல்லா வீட்டுக்கும் வர, திட்டமும் நிதியும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மார்ஃபின் இருந்தது. நோய்த்தணிப்புச் சிகிச்சையை ஒவ்வொரு நாடும் தன் சுகாதார அமைப்போடு இணைக்க வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 2014இல் தீர்மானமே போட்டது. இருந்தும், தேவைப்படுவோரில் ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்குத்தான் இது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற வீடுகளில் இரவு எப்படிக் கழியும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த நன்றியைப் பொதுவில் எழுதுகிறோம். திட்டம் வகுப்பவர்கள் படித்தால், இதுபோன்ற குழுக்களுக்கு ஆளும் வண்டியும் மருந்தும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன பிறகும் அம்மாவைப் பார்க்க வந்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. நீங்கள் தந்த காற்று மெத்தையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். மீதமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளையும் எண்ணி எழுதித் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறோம். அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அம்மாவும் பிள்ளைகளும்