அந்த ‘யாரும்’ என்பதில் என் அம்மா இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெருநகரச் சுரங்க ரயில்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் “சுரங்க ரயில் ஓடும் நகரத்தில் யாரும் எங்கேயும் சிரமமில்லாமல் போய்வரலாம்” என்று ஒரு வரி வருகிறதே, அதற்கு மேல் என்னால் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை.

என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வாக்கர் இல்லாமல் பத்தடி நடக்க மாட்டார். மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போக வேண்டும். போன மாதம் சுரங்க ரயிலில் அழைத்துப் போனேன். ஏறிய நிலையத்தில் லிஃப்ட் நன்றாக ஓடியது. இறங்கிய இடத்தில் லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று ஒரு தாள். எஸ்கலேட்டரில் வாக்கரோடு ஏற அம்மாவுக்குப் பயம். படியேறினோம். 48 படிகள். நடுவில் மூன்று இடத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தது அவர் காதிலும் விழுந்தது. மேலே வந்ததும், “இனிமேல் இது வேண்டாம்ப்பா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தத் தாளை நாங்கள் ஏறிய நிலையத்தில் ஒட்டியிருந்தால் ஒரு நிலையம் முன்னாலேயே இறங்கியிருப்போம். ஒட்டியவருக்கு அது தோன்றவில்லை.

லண்டனில் 1863-இல் நீராவி எஞ்சினோடு முதல் சுரங்க ரயில் ஓடியதும், பாரிஸ் 1900-இலும் நியூயார்க் 1904-இலும் தொடங்கியதும் நீங்கள் அறியாதது இல்லை. கட்டுரையிலும் பெருமையாக வந்திருந்தது. அப்போது கட்டியவர்கள் நடக்க முடியாதவர்களை நினைத்துப் பார்க்கவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். லண்டனின் 272 நிலையங்களில் தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை படியில்லாமல் போகக்கூடியவை இன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நியூயார்க்கில் மாற்றுத்திறனாளிகள் வழக்குப் போட்ட பிறகு, 2022-இல் ஓர் உடன்பாடு வந்தது: லிஃப்ட் வசதி இல்லாத நிலையங்களில் 95 சதவீதத்தை 2055-க்குள் சரிசெய்வார்களாம். இன்று ஐம்பது வயதில் அங்கே மூட்டுவலியோடு படியேறுகிறவருக்கு அப்போது எண்பது ஆகியிருக்கும்.

பழைய சுரங்கத்தில் லிஃப்ட் நுழைப்பது கஷ்டம், தெரியும். மேலே கட்டடங்கள், பக்கத்தில் குழாய்களும் கேபிள்களும். அதனால்தான் முதலிலேயே யோசிக்க வேண்டும் என்கிறேன். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 1972-இல் ரயில் தொடங்கும்போதே லிஃப்ட் இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஹரால்ட் வில்சன் என்ற மனிதர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததன் பலன் அது. அவருக்கு உங்கள் நான்கு பக்கத்தில் இடமில்லாமல் போனது எனக்கு வருத்தம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு படத்துக்குக் கீழே, பிளாட்பாரத்தின் மஞ்சள் ஓடுகளை ‘அழகூட்டும் வேலைப்பாடு’ என்று போட்டிருந்தீர்கள். அது அழகுக்கு இல்லை ஐயா. பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் வழி அறிவதற்காக ஜப்பானில் செய்இச்சி மியாகே உருவாக்கியது, 1967-இல் ஒகயாமாவில் முதலில் பதித்தது. அன்றைக்கே கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. இப்போது அந்த ஓடுகள் மேலேயே விளம்பரப் பலகையை நிறுத்துகிறார்கள்.

அப்புறம் பேருந்து. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பேருந்து நிறுத்தம் அடுத்த சந்திப்பைத் தாண்டி இருக்கிறது. தாழ்தளப் பேருந்து வந்தாலும் நடைபாதையை ஒட்டி நிறுத்தாமல் நடுச்சாலையில் நிறுத்தினால் அந்தத் தாழ்தளத்தால் என்ன பயன்? ரயிலும் பேருந்தும் ஒரே பயணம் என்று எழுதுகிறவர்கள் ஒருநாள் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தத் தூரத்தை நடந்து பார்க்க வேண்டும்.

கட்டுரையோடு ஒரு வரைபடமும் போட்டிருந்தீர்கள். 1933-இல் லண்டனில் ஹாரி பெக்கின் வரைபடம் வெளியானதிலிருந்து எல்லா ஊரிலும் இதே பாணிதான்: நேர்க்கோடுகள், தடம் மாறும் இடத்தில் ஒரு வட்டம். பார்க்கச் சுலபம். ஆனால் அந்த வட்டத்துக்குள் எத்தனை படிகள், எவ்வளவு நீளச் சுரங்கநடை என்பது இறங்கிய பிறகுதான் தெரிகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை வரைபடம் அச்சிடும்போது, படியில்லாமல் போகக்கூடிய நிலையங்களின் பக்கத்தில் சக்கர நாற்காலிக் குறியையும் போடுங்கள். எழுத்தும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். உங்கள் இதழை அம்மாவும் படிக்கிறார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்